கை பொறுக்கிற சூடு

கேளம்பாக்கத்து அளத்தில் உப்பு வாருகிறவன் கை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ஏசுபாதத்தின் கையைப் பிடித்துப் பார்த்தால் போதும். தோல் வெடித்து, வெடித்த இடத்தில் மறுபடி தோல் வளர்ந்து, அதுவும் வெடித்துச் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். ஆனால் காலனியில் யார் பிடிக்கப் போகிறார்கள்? அவன் கைமேல் ஒரு குற்றமும் இல்லை. அவன் பெண்டாட்டி மார்கரெட்டின் கைக்குப் பயந்து அவன் கையையும் தொடமாட்டார்கள். டீக்கடைக் கூரையில் அவனுக்கென்று ஒரு கிளாஸ் தனியாகச் செருகியிருக்கும். அவனே எடுத்து, அவனே கழுவி, அவனே செருகிவிட்டு வருவான்.

மார்கரெட்டுக்கு வந்தது பெரிய வியாதி. கல்யாணமாகி வந்த சில வருஷத்தில் முதுகில் தேமல் மாதிரி ஒன்று வந்தது. தேமல்தான் என்று சொல்லி அவள் அம்மா கருஞ்சீரகம் அரைத்துப் போட்டாள். கருஞ்சீரகத்துக்கு அடங்குகிற விஷயமா அது? சுண்டுவிரல் மடங்கி நிமிராமல் போன பிறகுதான் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இந்த வியாதிக்கென்றே இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஏசுபாதம் அவளைக் கூட்டிப்போனான். நாலு வருஷம் இருந்தாள். பிள்ளையும் இல்லை, வேறொருத்தியைக் கட்டிக்கொள் என்று அவனுக்குப் புத்தி சொல்லாதவர்கள் கிடையாது. "கட்டிக்கறேன், நீ வந்து சாட்சிக் கையெழுத்து போடு. அப்புறம் மார்கரெட்டாண்டயும் நீயே போய்ச் சொல்லிடு," என்பான். சொன்னவன் வாயை மூடிக்கொண்டு போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமையானால் சுட்ட கருவாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு இவன் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறிவிடுவான்.

வியாதி நின்றுவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று சொல்லித்தான் டாக்டர் அவளை வீட்டுக்கு அனுப்பினார். கை மட்டும் போனது போனதுதான். கிள்ளினால் தெரியாது, கொள்ளிக்கட்டை பட்டால் தெரியாது. அந்த மரத்த கையை வைத்துக்கொண்டு அவள் செய்த வேலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார சிஸ்டர் ஒருத்தி நோயாளிப் பெண்களுக்குக் கம்பளி வேலை சொல்லிக்கொடுத்தாள். தறி வேண்டாம், ஊசி நூல் வேண்டாம். ஆட்டுமயிரைச் சிக்கெடுத்துப் பஞ்சு மாதிரி ஆக்கி, உள்ளே கந்தல் துணியை வைத்துச் சுற்றி, சோப்புக் கரைத்த சுடுதண்ணீரை ஊற்றித் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் குழந்தைத் தலையைத் தடவுகிற மாதிரி, பிறகு அழுக்குத் துணியைக் கும்முகிற மாதிரி. தேய்க்கத் தேய்க்க மயிர் ஒன்றோடொன்று பின்னி இறுகி, பிய்த்தாலும் வராத கெட்டியாகிவிடும். மற்றப் பெண்கள் பாயும் தொப்பியும் செய்தார்கள். மார்கரெட் மிருகங்கள் செய்தாள்.

என்ன மிருகங்கள் என்கிறீர்கள்! கொட்டாவி விடும் யானை. குடை பிடித்த பன்றி. சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருக்கும் இரண்டு கழுதைகள். மாபலிபுரத்துப் பாறையில் கையைத் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறதே ஒரு பூனை, அது தவத்தை முடித்துவிட்டு வந்து காதைச் சொறிகிற மாதிரி ஒன்று. செங்கல்பட்டுச் சந்தைக்கு வரும் கம்பளிக்காரர்களிடம் கழிவு மயிர் கிடைக்கும். கறுப்பு, சாம்பல், பழுப்பு. அந்த நிறங்களிலேயே எல்லாம் முடித்துவிடுவாள். மாபலிபுரத்தில் கல் பொம்மைக் கடை வைத்திருந்த கோதண்டராமன் அவற்றை வாங்கி வெள்ளைக்காரர்களுக்கு விற்றான். யார் செய்தது என்று கேட்டால் 'வில்லேஜ் லேடி' என்பான். அதற்குமேல் சொல்ல அவனுக்கென்ன பைத்தியமா?

"அங்க கீற கல்லு யானைங்கோ எல்லாம் மொறச்சிகினே நிக்குதுய்யா," என்பாள் மார்கரெட். "எத்தினி காலமா நிக்குது, ஒண்ணுக்காவது தூக்கம் வராதா? அதான் என்னுது கொட்டாவி வுடுது."

இந்த வேலைக்கு உயிர் தண்ணீரின் சூடுதான். ஆறின தண்ணீரில் மயிர் சேராது. கொதிக்கிற தண்ணீரில் கை வெந்துவிடும். கை பொறுக்கிற சூடு வேண்டும், அந்தப் பொறுக்கிற கை அவளிடம் இல்லை. ஆஸ்பத்திரியில் சூடு பார்க்க ஓர் ஆயா இருந்தாள். வீட்டில் ஏசுபாதம். குண்டானை இறக்கியதும் அவன் கையை விட்டுப் பார்ப்பான். "இரு," என்பான். கொஞ்சம் பொறுத்து மறுபடி விடுவான். "ம், வுடு," என்பான். அந்த வார்த்தை வராமல் அவள் விரல் தண்ணீரில் பட்டதில்லை. அளத்துக்குப் போகுமுன் ஒரு குண்டான், திரும்பி வந்ததும் ஒரு குண்டான். ஒரு தடவை அவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். அந்த நாளெல்லாம் மயிரைச் சிக்கெடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாளே தவிர, வேறு யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வருவதற்கு யார் இருந்தார்கள்?

எமர்ஜென்சி போட்ட வருஷத்து மழைக்காலம். அளம் முழுகிக் கிடந்தது. ஏசுபாதம் உப்பங்கழியில் இறால் தடவிக்கொண்டு காலத்தை ஓட்டினான். ஒருநாள் மத்தியானம் உபதேசியார் தாவீது குடையோடு வந்து வாசலுக்கு வெளியே நின்றார். மாதத்துக்கு ஒருதரம் வரும் சாமியாருக்குப் பதிலாகக் காலனிக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர்.

"மார்கரெட்டு, இந்த வருசம் குடிலுக்கு மாடு, கழுதை, ஆடு எல்லாம் நீதாம்மா செஞ்சி குடுக்கணும். சாமியாரே சொல்லிட்டாரு. மாபலிபுரத்துல உன் யானையப் பாத்தாராம்."

"எது, கோயிலுக்குள்ளயா?"

"பின்ன, கொளத்தாங்கரையிலயா குடில் கட்டுவாங்க?"

"ஜனங்கோ இன்னா சொல்லுவாங்கோ உபதேசியாரே?"

"அத்த நான் பாத்துக்கறேன். கிறிஸ்மசுக்கு மாடும் ஆடும். மூணு ராஜா திருநாளுக்கு ஒட்டகம். ஒட்டகம் பாத்துகிறியா நீ?"

"காலண்டர்ல பாத்துகிறேன்."

"அது போதும். ஆனா ஒண்ணு, கொட்டாவி கிட்டாவி வுட வெச்சிடாத. கோயிலு."

அவர் போன பிறகு மார்கரெட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் கோயிலில் அவளுக்கு இடம் பின்வாசல் படி. பூசை முடிந்து எல்லோரும் போன பிறகுதான் எழுந்திருப்பாள். சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"துன்னுமே," என்றான் ஏசுபாதம்.

"நம்ம மாடு பீடத்தாண்ட போவப்போவுதுய்யா. நான் படியிலயே குந்திகினாலும் பரவால்ல. அது அங்கருந்து என்னப் பாக்கும்ல?"

அவன் எழுந்து வெளியே போய்ப் பீடி பற்றவைத்தான். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைப் பார்த்தபோது அவனுக்குப் பயமாக இருந்தது. காரணம் இருந்தது. ஆடி மாதம் ஒருநாள் பீடி விரல்வரை எரிந்து, கருகின வாசனை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தான். வலது கை. அளத்து மரப்பு என்று நினைத்துக்கொண்டான். உப்பு வாருகிறவனுக்குக் கை மரத்துப்போவது புதிதா? காலனியில் எல்லா ஆம்பளைக்கும் இருப்பதுதான். ஆனால் ஐப்பசியில் அளம் மூடினார்கள். மற்றவர்கள் கையெல்லாம் மெத்தென்று ஆயிற்று, இவன் வலது கை அப்படியே இருந்தது. முழங்கைக்குமேல் ஒரு வெளுத்த வட்டமும் இருந்தது. அதைப் பார்க்காத மாதிரி சட்டையை இறக்கி விட்டுக்கொண்டான். அதுவரை மரக்காத மணிக்கட்டில் சூடு பார்த்துச் சமாளித்தவன், அன்றிலிருந்து குண்டானில் இடது கையை விட ஆரம்பித்தான். மார்கரெட் கேட்டதற்கு, "வலது கையில இறால் முள்ளு ஏறிட்சி," என்றான். அவள் நம்பினாள். அவனைத் தவிர அவள் வேறு யாரை நம்புவாள்?

மாடும் கழுதையும் ஏழெட்டு ஆடுகளும் முடிந்தன. உபதேசியார் சொன்னதற்காக எல்லா வாயையும் மூடியே வைத்தாள். ஆனால் மாடு தொட்டிலை எட்டிப் பார்க்கிற விதத்தில், பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த அத்தைக்காரி மாதிரி ஒரு பரபரப்பு இருந்தது. ஒரு குட்டி ஆடு மட்டும் யாருக்கும் தெரியாமல் கழுதையின் வாலைக் கடித்துக்கொண்டிருந்தது. உபதேசியார் கோணிப்பையில் போட்டு எடுத்துப் போனார்.

அடுத்தது ஒட்டகம்.

அன்று விடிந்ததிலிருந்து ஊதக்காற்றோடு மழை. ஒட்டகத்துக்கு உடம்பும் காலும் முடிந்து, கழுத்தும் தலையும் சேர்க்க வேண்டியிருந்தது.

"நல்லா சூடா எறக்குய்யா. இந்தக் காத்துல ஒடனே ஆறிப்பூடுது."

ஏசுபாதம் குண்டானை இறக்கி இடது கையை விட்டான். வெதுவெதுவென்று இருந்த மாதிரி இருந்தது. எடுத்து, மறுபடியும் மணிக்கட்டுவரை விட்டான். அப்படியேதான் இருந்தது.

"வுடு," என்றான்.

அவள் தண்ணீரை மொண்டு ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கும்போது அவளுக்கு வாய் ஓயாது.

"இது ராஜாவத் தூக்கிகினு வந்த ஒட்டகம் இல்லய்யா. ராஜாதான் இத்த இஸ்துகினு வந்துகிறான். மூஞ்சப் பாரு, நான் வரமாட்டேன்னு சொல்லுது."

"அவ்ளோ தூரம் நடந்தா சொல்லாதா?"

"ராஜா கெஞ்சறான். வாடா கண்ணு, இன்னும் கொஞ்ச தூரம்தான், அந்தோ நட்சத்திரம் தெரியுது பாருன்றான். இது சொல்லுது, நீ போய்ப் பாத்துட்டு வா நைனா, நான் இங்கயே குந்திகினு இருக்கறேன்னு."

ஏசுபாதம் சிரித்தான். அவளும் சிரித்தாள். மழைச் சத்தத்துக்குமேல் கேட்கிற மாதிரி இருவரும் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அவள் குண்டானில் கையை முக்கி முக்கி எடுத்துக் கழுத்தை உருட்டினாள்.

"இன்னாய்யா இது, வழுக்குது? சோப்பு ஜாஸ்தியா பூட்சா?"

ஒட்டகத்தின் கழுத்தில் வெள்ளையாக ஏதோ சுருண்டு ஒட்டியிருந்தது. வெள்ளை மயிர் கலந்துவிட்டது என்று நினைத்து அதை வழித்துப் போட்டாள். மறுபடி வந்தது. ஏசுபாதம் குனிந்து பார்த்தான். அது மயிர் இல்லை. அவள் உள்ளங்கைத் தோல்.

"எடு! கைய எடுமே!" என்று கத்தி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அப்போதுதான் பிடித்த கையை இருவரும் பார்த்தார்கள். அவன் இடது கை மணிக்கட்டுவரை சிவந்து, விரல்களில் கொப்புளம் கட்டியிருந்தது. மார்கரெட் தன் கையைப் பார்க்கவே இல்லை. அவன் கையையே பார்த்தாள்.

"வலிக்கலயா?"

அவன் அந்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"யோவ், வலிக்கலயான்னு கேக்கறேன்."

"இல்ல."

அடுப்பில் விறகு வெடித்தது. அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியாதா?

"எப்பலருந்து?"

"வலது கை ஆடிலருந்து. இது இன்னிக்கிதான் தெரியுது."

"முள்ளு ஏறிட்சின்னியே."

"சொன்னேன்."

"பாவி மனுசா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இந்த எழவு வேலைய அன்னிக்கே நிறுத்தியிருப்பேனே!"

"அதுக்குத்தான் சொல்லல. உங்கிட்ட வேற இன்னாமே கீது? அப்புறம் என்னாலதான் உனக்கு வந்துட்சின்னு அழுவ. அந்தப் பேச்சு இந்த வூட்ல வரக்கூடாதுன்னு நெனச்சேன்."

"வந்துட்சே," என்றாள் அவள். "என்னாலதானய்யா வந்துட்சி." தோலுரிந்த இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கையில் வலி இல்லை. அது இருந்திருந்தால் அதற்காகவாவது கொஞ்சம் அழுதிருப்பாள். அத்தனை அழுகையும் அவனுக்காகவே போயிற்று.

உப்பு லாரிக்காரன் ஒருவன் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்ச் செங்கல்பட்டில் விட்டான். அவளுக்கு வலது கையில் மூன்று விரல்களை எடுத்தார்கள். இடது கைக் கட்டைவிரல் பிழைத்ததே அதிசயம் என்றார்கள். அவனுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். ஆடியிலேயே வந்திருந்தால் இடது கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நாலு வருஷம் ஒருத்தியை அதே ஆஸ்பத்திரிக்கு வந்து வந்து பார்த்தவன், இன்னொரு தடவை அந்தப் படியேற எப்படி யோசித்திருப்பான் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

கிறிஸ்மஸ் ஆஸ்பத்திரியிலேயே போயிற்று. மார்கரெட் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "இந்நேரம் குடில்ல லைட்டு போட்டிருப்பாங்கோ. நம்ம மாடு ஜோரா நின்னுகினு இருக்கும்," என்றாள். ஏசுபாதம் தலையாட்டினான்.

மூணு ராஜா திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வீடு திரும்பினார்கள். கதவுக் கொண்டியில் கோணிப்பை மாட்டியிருந்தது. பினாயில் நாற்றம் அடித்தது. உள்ளே மாடு, கழுதை, ஆடுகள். யாரோ நன்றாகவே ஊற்றியிருந்தார்கள். மயிர் சிலிர்த்து, குட்டி ஆடு கடித்துக்கொண்டிருந்த வால் பிய்ந்து தனியாகக் கிடந்தது.

சாயங்காலம் உபதேசியார் வந்தார். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"உனக்கும் வந்துட்சின்னு தெரிஞ்சதுமே ஜனங்க ஒத்துக்கலப்பா ஏசுபாதம். கொழந்தைங்க தொடும், வாணாம்னு பேஜாரு பண்ணிட்டாங்க. நான் ஒரு ஆளு இன்னா பண்றது?"

"எத்தினி நாளு இருந்துது உபதேசியாரே?" என்று உள்ளேயிருந்து மார்கரெட் கேட்டாள்.

"எதும்மா?"

"மாடு. பீடத்தாண்ட எத்தினி நாளு இருந்துது?"

அவர் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "வெக்கவே வுடலம்மா," என்றார். அதற்குமேல் நிற்க முடியாமல் போய்விட்டார்.

மறுநாள் மார்கரெட் மூலையில் கிடந்த ஒட்டகத்தை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்து அவன்முன் போட்டாள். கழுத்து பாதி இறுகியிருந்தது. தலை இன்னும் வெறும் பஞ்சு.

"இத்த முடிக்கணும்யா. நீ தேயி, நான் சொல்றேன்."

"யாருக்குமே இது? கோயிலுக்கா?"

"கோயிலு கெடக்குது. இது மூஞ்சி இல்லாம கெடக்குது பாரு. வரமாட்டேன்னு சொல்றதுக்குக்கூட அதுக்கு வாய் இல்ல."

அவன் அடுப்பு மூட்டினான். குண்டான் கொதித்தது. இறக்கி வைத்துவிட்டு இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் கையை விடுவது? ஆறும்வரை காத்திருக்கலாம் என்றால், எப்போது ஆறிற்று என்று யார் சொல்வது? ஆவி அடங்குவதை வைத்துக் கணித்து அவன் ஊற்றினான். மயிர் சேரவில்லை, ஈரத்தில் சொதசொதவென்று நின்றது. தண்ணீர் எப்போதோ ஆறிப்போயிருந்தது. மறுபடி அடுப்பில் ஏற்றினான்.

அந்த நேரத்துக்குக் கோவளத்துக் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு தனக்கோடி வந்தாள். வருஷக்கணக்காக அவர்கள் வீட்டுக்கு மீன் போடுகிறவள். சட்டியில் கை படாமல் உயரத்திலிருந்து போடுவாள். ஆனாலும் போடுவாள்.

"இன்னாமே மார்கரெட்டு, வந்துட்டியா? கையக் காட்டு. அய்யோ, இன்னாடி இது கொடும!"

"அக்கா, எனக்கு ஒரு ஒதவி பண்றியா? இந்தத் தண்ணியில செத்த நேரம் கைய வெச்சிப் பாரேன். சூடு எப்டி கீதுன்னு சொல்லு, போதும்."

தனக்கோடி கூடையை இறக்கி வைத்தாள். குண்டானுக்குப் பக்கத்தில் குந்தி, வளையலை மேலே ஏற்றிக்கொண்டாள். கை தண்ணீர்மேல் வந்து அங்கேயே நின்றது. மார்கரெட்டின் கட்டைப் பார்த்தாள், ஏசுபாதத்தின் புதுத்தோல் வந்த கையைப் பார்த்தாள்.

"வூட்ல கைக்கொழந்த கீதுமே. எம் பொண்ணு இப்பத்தான் பெத்துகினு வந்துகிறா. நான் போய்த்தான் அதுக்குத் தண்ணி ஊத்தணும்," என்றாள். வளையலைக் கீழே இறக்கிக்கொண்டாள். "தப்பா நெனச்சிக்காத."

"இல்லக்கா. நீ போ. கொழந்தையப் பாரு," என்றாள் மார்கரெட்.

காசு கேட்காமல் ஒரு கை நிறையச் சங்கரா மீனைச் சட்டியில் போட்டுவிட்டுத் தனக்கோடி திரும்பிப் பார்க்காமல் போனாள். அவளைக் குற்றம் சொல்ல மார்கரெட்டுக்கு மனசு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

தண்ணீர் மறுபடி ஆறியது. மார்கரெட் சுவரில் சாய்ந்துகொண்டாள். "வுட்டுடுய்யா. மூஞ்சி இல்லாமலே இருக்கட்டும்," என்றாள். விரல் போன அன்றுகூட அவள் குரல் அப்படி இல்லை.

ஏசுபாதத்துக்கு அது பொறுக்கவில்லை. இன்னும் இரண்டு விறகைத் திணித்து அடுப்பை ஊதினான். ஊத ஊத அனல் முகத்தில் அடித்தது. ஊதுவதை நிறுத்திவிட்டு அப்படியே இருந்தான். அனல் அடிப்பது தெரிந்தது. கன்னத்தில் தெரிந்தது.

குண்டானை இறக்கினான். ஆவி கொஞ்சம் அடங்கும்வரை பார்த்திருந்தான். பிறகு இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தொழுவத்து மாடு தண்ணீர் குடிக்கிற மாதிரிக் குனிந்து, இடது கன்னத்தைத் தண்ணீரில் வைத்தான்.

சுரீரென்றது. வெடுக்கென்று தலையைத் தூக்கினான்.

"சுடுது," என்றான்.

"இன்னாது?"

"சுடுதுமே. மார்கரெட்டு, சுடுது!"

"நெஜமாவா?"

"எம்மா, இன்னா சூடு! சுடுதுமே..." தாடையிலிருந்து தண்ணீர் சொட்ட, அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதான். இந்தக் கன்னமும் இன்னும் எத்தனை நாளைக்கு என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை.

மார்கரெட் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தாள். சிவந்திருந்த கன்னத்தின்மேல் கட்டுப்போட்ட கையை வைத்தாள். அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனாலும் எடுக்கவில்லை.

"அப்ப இரு," என்றாள். "இன்னும் செத்த ஆறட்டும்."